அத்தான் திருப்பிவிட்ட காற்று

குடிநீர் வாரியத்தின் புகார் கவுன்ட்டரில் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்ததில் அவனுக்கு ஊர்க்காரர்களின் வாய் மட்டும்தான் தெரியும். தடுப்புக் கண்ணாடி முழுக்க அறிவிப்புகளை ஒட்டிவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஓர் அரைவட்ட ஓட்டை. அது வெளியே நிற்பவரின் மூக்குக்குக் கீழே தொடங்கி மோவாயில் முடியும். "ரெண்டு நாளா தண்ணி வரல" என்று ஒரு வாய் சொல்லும். "பதிவு பண்ணியாச்சு" என்பான். அடுத்த வாய் வரும். கடைத்தெருவில் யாராவது நலம் விசாரித்தால் முகம் பிடிபடாமல் விழிப்பான், பிறகு உதட்டைப் பார்த்துவிட்டு, "ஓ, மூணாவது தெரு, கலங்கல் தண்ணி!" என்று முகம் மலர்வான். ஊரில் அவனுக்குப் புகார்த் தம்பி என்று பெயர்.

அந்த ஓட்டையிலிருந்து தப்பிக்க ஒரே ஒரு வழி வந்தது. ஊரைச் சுற்றியுள்ள மணல்வெளியில் வாரியத்துக்கு ஆறு பம்ப் ஷெட்டுகள் உண்டு. தினமும் அவற்றுக்குப் போய் மீட்டர் பார்த்து எழுதிவர ஒரு வெளிவேலை காலியானது. நிபந்தனை இரண்டு. மணலில் ஓடக்கூடிய வண்டி சொந்தமாக இருக்க வேண்டும். பொறியாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரே நாளில் ஆறு ஷெட்டையும் சுற்றி, ஆறு மீட்டரையும் எழுதிக்கொண்டு, பகல் ஒரு மணிக்குள் அலுவலக வாசலுக்குள் வண்டியை விட வேண்டும். தவறினால் மூன்று வருஷத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. மூன்று வருஷம் என்பது, அவன் கணக்கில், சுமார் ஒரு லட்சம் வாய்கள்.

ஆகவே ஜீப் வாங்கக் கிளம்பினான். துணைக்கு அத்தான் வந்தார். அதாவது, வேண்டாம் என்று சொல்வதற்குள் வந்துவிட்டார். அக்காவின் கணவர். ஊரில் ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். பாதி ஊரின் சமையலறைச் சுவரில் ஓட்டை போட்டுப் புகைபோக்கி ஃபேன் மாட்டியவர் என்பதால், சுற்றுகிற எதைப் பற்றியும் தனக்கு அபிப்பிராயம் சொல்ல உரிமை உண்டு என்று நினைப்பவர். ஒருமுறை ராட்டினக்காரனுக்கே யோசனை சொல்லி இறக்கிவிடப்பட்டவர்.

ஜீப்பை விற்றவர் கழுத்துவலிக்கான பட்டை போட்டிருந்தார். அவன் அதைப் பார்த்தான்.

"கழுத்துக்கும் வண்டிக்கும் சம்பந்தமே இல்ல" என்றார் அவர், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே.

அத்தான் டயரை உதைத்துப் பார்த்தார். போனட் மேல் காதை வைத்துக் கேட்டார். வண்டி அப்போது ஓடிக்கொண்டிருக்கவில்லை என்பதை அவன் மெதுவாகச் சொன்னான்.

"ஓடும்போது எவனும் கேப்பான் மாப்ளே. ஓடாதப்ப கேக்குறதுதான் அனுபவம்" என்றார். பிறகு விற்பவர் பக்கம் திரும்பி, "என்னண்ணே, நல்ல வண்டிதானே?" என்று கறாராகக் கேட்டார்.

"தங்கம்" என்றார் கழுத்துப் பட்டை.

"அவரே சொல்லிட்டாரு" என்றார் அத்தான்.

ஆறு வருஷச் சேமிப்பு கைமாறியது. வீட்டுக்கு ஓட்டி வருகிற வழியிலேயே வண்டி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. வலது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடித்தது. ஹாரனை அழுத்தினால் வைப்பர் ஆடியது. ஸ்டீயரிங் இடப்பக்கம் இருந்த வெளிநாட்டு ஜீப் அது; டிரைவருக்கு வலப்பக்கத்துக் கதவு திறப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தது. அந்த இருக்கைக்குப் போக வேண்டியவர் டிரைவர் பக்கம் ஏறி, கியர் கம்பியைத் தாண்டி, மரியாதையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நகர்ந்து போக வேண்டும். என்ஜினை அணைத்தால், மறுபடி உயிர் கொடுக்க இரண்டு பேர் தள்ள வேண்டும். இதெல்லாம் பழைய வண்டிகளுக்கு இருக்கிற குணம் என்று விட்டுவிடலாம். ஆனால் தெருமுனை வந்தபோது ரேடியேட்டர் கொதித்து, போனட்டின் இரண்டு பக்கமும் ஆவி கிளம்பியது.

அக்கா வாசலில் நின்று பார்த்தாள். வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தாள்.

"ஒட்டகம் வாங்கியிருக்கலாமேடா. அது கோபம் வந்தா துப்பும், அவ்வளவுதான். இது குளிக்க வெந்நீர் போடுது" என்றாள்.

"உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் அத்தான்.

"வண்டியைப் பத்தித் தெரியாது. உங்களைப் பத்தித் தெரியும்" என்றாள் அக்கா.

மெக்கானிக் ஒருவர் இருந்தார். என்ன சொன்னாலும் "பாத்துக்கலாம்" என்பார். பெயரும் அதுவாகவே நிலைத்துவிட்டது. தகரக் கொட்டகைதான் பட்டறை. பத்து மணிக்கு மேல் ஸ்பேனரை வெறுங்கையால் எடுக்க முடியாது; வாளித் தண்ணீரில் முக்கி முக்கி எடுப்பார். மூன்று நாள் வைத்திருந்து, விரிசல்விட்ட ரப்பர் குழாய் ஒன்றைக் கண்டுபிடித்து மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டி மணலில் ஓடியது. ஹீட் முள் பாதியைத் தாண்டவில்லை. அவன் அன்றைக்கு வீட்டுக்குள் வரும்போது பாட்டுப் பாடிக்கொண்டு வந்ததாக அக்கா சாட்சி சொல்வாள்.

திங்கட்கிழமை அத்தான் வண்டியை மேம்படுத்தினார்.

நடந்தது இதுதான். தம்பி கவுன்ட்டரில் வாய்களோடு இருந்த நேரத்தில் அத்தான் போனட்டைத் திறந்து, ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்த ஃபேன் சுற்றுவதைப் பார்த்தார். பார்த்தவர் திடுக்கிட்டுப் போனார். அது வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது! வெளியே அடிப்பதோ அனல். பாலைவன வெயில். அந்த அனலைப் போய், ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கிற என்ஜின் மேல் இழுத்து விடுவதா? முப்பது வருஷத் தொழிலில் இப்படி ஒரு மடத்தனத்தை அவர் கண்டதில்லை. சூடான அறைக்கு என்ன செய்வோம்? உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ளுவோம். எத்தனை சமையலறை பார்த்தாயிற்று! ஃபேனுக்கு வருகிற இரண்டு ஒயரையும் கழற்றி, இடம் மாற்றி முறுக்கி, டேப் சுற்றினார். ஃபேன் மறுபக்கம் சுற்றத் தொடங்கியது. கையை முன்னால் நீட்டிப் பார்த்தார். சூடான காற்று சுளீர் என்று வெளியே வந்தது. பரம திருப்தி.

சாயங்காலம் இதை விளக்கிச் சொன்னபோது அவனுக்கும் நியாயமாகத்தான் பட்டது. அத்தான் சொல்கிற எதுவும் சொல்லும்போது நியாயமாகத்தான் இருக்கும்.

"இந்த வண்டியை டிசைன் பண்ணவன் குளிர் நாட்டுக்காரனா இருப்பான் மாப்ளே. அவனுக்கு எங்க தெரியும் நம்ம வெயில்?" என்றார்.

மறுநாள் காலை வண்டி இரண்டு கிலோமீட்டரில் கொதித்தது.

யாருக்கும் ஃபேன் மேல் சந்தேகம் வரவில்லை. பாத்துக்கலாம் வந்து பார்த்தார். "ஃபேன் சுத்துதா? சுத்துது. அப்ப வேற எதோ" என்றார். ரேடியேட்டர் மூடியை மாற்றினார். தண்ணீர் பம்பை மாற்றினார். ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுத்தார். அடைப்பே இல்லாத இடத்தில் எடுத்த அடைப்புக்கு ஒரு கூலியும் கிடையாது என்று அவரே வெட்கப்பட்டுச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு முறையும் வண்டி இரண்டே கிலோமீட்டரில் ஆவி விட்டது. பக்கத்தில் நின்ற அத்தான், "நான் மட்டும் அந்த ஃபேனை மாத்தி விடலேன்னா இன்னேரம் இது வெடிச்சிருக்கும்" என்று ஆறுதல் சொன்னார்.

சோதனை நாள் இரண்டு வாரம் கழித்து வந்த வியாழக்கிழமை. காலை ஆறரைக்குப் பொறியாளர் அம்மா வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். தலையைச் சுற்றித் துணி, கையில் அட்டையில் செருகிய படிவம். தேவைக்கு மேல் ஒரு வார்த்தையும் செலவழிப்பதில்லை என்று அலுவலகத்தில் பேச்சு. கதவு விஷயத்தைச் சொன்னதும் ஒன்றும் கேட்காமல் டிரைவர் பக்கம் ஏறி, கியர் கம்பியைத் தாண்டி, தன் இடத்தில் உட்கார்ந்து, படிவத்தில் ஏதோ எழுதினார். விதிப்படி உதவிக்கு ஓர் ஆள் வரலாம். பின்சீட்டில் எட்டுக் கேன் தண்ணீருக்கு நடுவில் அத்தான் இருந்தார்.

"மேடம், நான் இவன் அக்கா வீட்டுக்காரர். டெக்னிக்கல் சைடு நான் பாத்துக்கறேன்."

"சரி" என்றார் பொறியாளர்.

காலைக் குளிரில் முதல் ஷெட் ஒழுங்காக முடிந்தது. இரண்டாவதற்கு முன் ஒரு தடவை கொதித்தது. அரைமணி நேரம் போனட்டைத் திறந்துவைத்துக் கும்பிடு போடாத குறையாக நின்றார்கள். மூன்றாவதற்கு முன் இரண்டு தடவை. வெயில் ஏறியது. மணல் வெள்ளையாகி, பிறகு நிறமே இல்லாமல் போனது. என்ஜினை அணைத்தால் ஆபத்து என்பதால் நிற்கும்போதும் அது ஓடிக்கொண்டே இருந்தது. ஓடிக்கொண்டே கொதித்தது.

"தண்ணி எத்தன கேன் மிச்சம்?" என்றார் பொறியாளர்.

"மூணு மேடம்" என்றார் அத்தான். "குடிக்கிறதையும் சேத்து."

மூன்றாவது ஷெட்டை எழுதிமுடித்தபோது மணி ஒன்பதே முக்கால். வழி ஒரு மணல்மேட்டுச் சந்தில் முடிந்திருந்ததால் திரும்ப இடமில்லை. அவன் ரிவர்ஸ் போட்டு, தலையைத் திருப்பி, ஒரு கிலோமீட்டர் பின்னோக்கியே ஓட்டி இறுகிய தரைக்கு வந்தான். வந்து முன்பக்கம் பார்த்தபோது ஹீட் முள் அவன் கண்ணாலேயே நம்பமுடியாத இடத்தில் நின்றது. பாதி.

ஆறு வருஷக் கவுன்ட்டர் வேலையில் அவன் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. தண்ணீர் வரவில்லை என்று வருகிற வாய், எப்போது வரவில்லை என்று மட்டும்தான் சொல்லும். எப்போது வருகிறது என்று சொல்லாது. அதைக் கேட்டுப் பிடுங்க வேண்டும். "காலைல வரல, சாயங்காலம் வரல. சரி, எப்பத்தாங்க வருது?" "எதிர் வீட்டுக்காரன் ஊருக்குப் போனா வருது." முடிந்தது. எதிர் வீட்டில் திருட்டு மோட்டார். இரண்டு வாரமாக எல்லோரும் இந்த வண்டியிடம் ஏன் கொதிக்கிறாய் என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். எப்போது கொதிக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

அவன் முன்னோக்கி அரைக் கிலோமீட்டர் ஓட்டினான். முள் ஏறியது. நிறுத்தி, வண்டியை அப்படியே சுழற்றி முதுகைப் போகிற திசைக்குக் காட்டி, ரிவர்ஸில் ஓட்டினான். முள் இறங்கியது.

மறுபடியும் முன்னால் திருப்பவே இல்லை.

பொறியாளர் கொஞ்ச நேரம் கண்ணாடி வழியே, தாங்கள் விட்டுப்போகிற மணலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இது குறுக்கு வழியா?"

"இல்ல மேடம். வண்டிக்கு இப்படிப் போனாத்தான் பிடிக்குது."

"எப்பலேருந்து?"

"இப்பதான் மேடம் சொல்லிச்சு."

அவர் படிவத்தைப் பார்த்தார். வண்டி எந்தப் பக்கம் பார்த்துப் போக வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. பேனாவை மூடினார். பின்சீட்டில் அத்தான் மட்டும் இப்போது முன்சீட்டுக்காரராகிவிட்ட பெருமையில், "லெஃப்ட்ல ஒரு பள்ளம் மாப்ளே! உன் லெஃப்ட்டு இல்ல, என் லெஃப்ட்டு!" என்று வழி சொல்லிக்கொண்டு வந்தார்.

அப்படியே நாலாவது ஷெட். அப்படியே ஐந்தாவது. இறங்கியபோது அவன் கழுத்து ஒரு பக்கம் பூட்டிக்கொண்டது. மணி பதினொன்று நாற்பது. இன்னும் ஒரு ஷெட்; அதற்கு அப்பால் அலுவலகம் நாற்பது கிலோமீட்டர். ரிவர்ஸ் கியரில் அத்தனை தூரத்துக்கு ஒரு மணி நேரம் இருபது நிமிஷம் போதாது. சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவனுக்கு அந்த அரைவட்ட ஓட்டை மணல்வெளி நடுவே தெரிவதுபோல இருந்தது.

பொறியாளர் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து, வண்டியின் முன்பக்கம் நின்று, அட்டையிலிருந்து படிவத்தை உருவி போனட் ஓரத்தில் வைத்து எழுதப்போனார். படிவத்தின் நுனி ரேடியேட்டரின் முன்கம்பிகளுக்கு நேராகத் தொங்கியதுதான் தாமதம், விருட்டென்று பறந்தது.

"பிடிங்க!" என்று கத்தினான் அவன். அத்தான் கேனைப் போட்டுவிட்டு மணலில் துரத்தினார். படிவம் குதித்துக் குதித்துப் போனது, அத்தானும் அப்படியே.

பொறியாளர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. உள்ளங்கையை முன்கம்பிகளுக்கு முன் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து முகத்தைக் காட்டினார். அனல் அடித்தது.

"இந்த எடத்துல காத்து உள்ள போகணும். இது வெளிய வருது."

"ஆமா மேடம்" என்றான் அவன், ஏதோ நல்ல செய்தி போல.

"பம்புக்கு ஒயரை மாத்திக் குடுத்தா இப்படித்தான். ஜோராச் சுத்தும். தண்ணி மட்டும் வராது. யார் மாத்தினது?"

தூரத்தில் அத்தான் படிவத்தின் மேல் இரண்டு காலாலும் குதித்து அதைப் பிடித்துவிட்டு, தூசியும் வேர்வையுமாக வெற்றி வீரர் போல வந்துகொண்டிருந்தார். அவரைக் காட்ட அவன் விரலைத் தூக்கினான். ஆனால் அந்த மனுஷர் அக்காவின் கணவர். கல்யாணத்துக்கு முன்னால் இருந்தே அவன் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக் கொடுத்தவர். ஒட்டிய பஞ்சர் ஒன்றும் நின்றதில்லை என்பது வேறு விஷயம்.

"வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு மேடம். பழைய ஓனர் வேலை" என்றான்.

அத்தான் காதில் இது விழுந்தது. நின்றார்.

"என்ன சொன்னே? பழைய ஓனரா?"

"அத்தான், நீங்க சும்மா இருங்க."

"ஏன் சும்மா இருக்கணும்? அந்தாளுக்கு டார்ச்சுல பேட்டரி போடத் தெரியாது மாப்ளே! மேடம், அது என் வேலை. என் கையால மாத்தினது. ரெண்டே ரெண்டு ஒயர், மூணே நிமிஷம்!" படிவத்தைச் சட்டையில் துடைத்து நீட்டினார். "வெளிய நாப்பத்தஞ்சு டிகிரி. அதப் போயி உள்ள இழுத்து விடுறான் கம்பெனிக்காரன். நான் அத எக்ஸாஸ்ட் ஃபேனா மாத்தினேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

பொறியாளர் கோபப்படவில்லை. முழுசாகக் கேட்டார். பிறகு, "ரேடியேட்டர்ல இருக்கிற தண்ணி எத்தன டிகிரி?" என்றார்.

"கொதிக்குது மேடம். நூறு இருக்கும்."

"நூறு இருக்கிறதுக்கு நாப்பத்தஞ்சு சூடா, குளிரா?"

அத்தான் விரல்விட்டு ஏதோ பார்த்தார்.

"அப்ப நாப்பத்தஞ்சு சூடு இல்லையா?"

"நமக்குச் சூடு. அதுக்குத் தென்றல். நீங்க என்ஜின் சூட்டையெல்லாம் அள்ளி அது மேலேயே அடிச்சிட்டிருக்கீங்க. முன்னால போனா எதிர்க்காத்து ஒரு பக்கம், ஃபேன் ஒரு பக்கம் தள்ளுது. ரெண்டும் சண்டை போட்டுக்கிட்டு நடுவுல ஒண்ணும் நகரல. பின்னால போனா சண்டை இல்ல."

அத்தானுக்குக் கல்யாணம் ஆன பதினான்கு வருஷத்தில் அவன் காணாத ஒன்றைக் கண்டான். அவர் தன் கைவேலையைத் தானே அவிழ்க்கப் போனார். டேப்பைப் பிரித்து, ஒயர்களைப் பழையபடி மாற்றி முறுக்கினார்.

ஃபேன் சரியான பக்கம் கால் சுற்று சுற்றியது. கிர்ர் என்றது. அதிலிருந்து ஒரு நீலப் புகை ஒல்லியாக மேலே போனது. இரண்டு வாரம் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டிய மோட்டார், விடுதலை கிடைத்த நிமிஷத்தில் உயிரை விட்டது.

"மோட்டார் காயில் எரிஞ்சுபோச்சு" என்றார் அத்தான், தொழில்காரரின் துக்கத்தோடு. "கடைக்குக் கொண்டு போனா ரெண்டு மணி நேரத்துல கட்டிருவேன்."

"கடை எங்க இருக்கு?" என்றான் அவன்.

"ஊர்ல."

மணி பன்னிரண்டு ஐந்து. அவன் வண்டியின் பம்பர் மேல் உட்கார்ந்தான், சுட்டது, எழுந்தான். உட்காருவதற்குக்கூட இந்த வண்டி லாயக்கில்லை.

பொறியாளர் நெற்றியைச் சுருக்கிக் கொஞ்சம் யோசித்தார். "தப்பாச் சுத்துற ஃபேனுக்குச் செத்த ஃபேன் மேல். இப்ப சண்டைக்கு ஆள் இல்ல. வேகமா முன்னால போனா எதிர்க்காத்தே போதும். கடைசிவரைக்கும் வண்டி நிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"ஆறாவது ஷெட்ல மீட்டர் பாக்கணுமே மேடம்?"

"அங்கயும் நிக்கக் கூடாது" என்றார் பொறியாளர். அவர் ஏற்கெனவே கியர் கம்பியைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரத்தில் முதல்முறையாக வண்டி தன் மூக்கை முன்னால் வைத்துக்கொண்டு கொதிக்காமல் ஓடியது. இறுகிய தரை, எழுபதில் வேகம், முள் பாதிக்குச் சற்று மேல். வைப்பர் தன் பாட்டுக்கு ஆடியது. ஆறாவது ஷெட் சின்னக் கான்கிரீட் பெட்டி; சுவரின் வெளிப்புறத்தில் மீட்டர், அதில் ஆறு இலக்கம். அவன் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, பொறியாளர் பக்கத்துச் சன்னல் சுவரை ஒட்டி வருகிற மாதிரி ஷெட்டைச் சுற்றினான். அது வலப்பக்கத் திருப்பம். ஆகவே சுற்று முடியும்வரை ஹாரன் அலறிக்கொண்டே இருந்தது.

பொறியாளர் இடுப்புவரை சன்னலுக்கு வெளியே போனார்.

"ரெண்டு, ஏழு!" என்று கத்தினார். மீட்டர் பின்னால் போய்விட்டது.

"எழுதிட்டேன் மேடம்!" என்றார் பின்சீட்டிலிருந்து அத்தான். படிவம் இப்போது அவர் மடியில்.

இரண்டாவது சுற்று. "சைபர், நாலு!"

"நாலு எழுத்துலயா மேடம், எண்ணுலயா?"

"எண்ணுல!"

மூன்றாவது சுற்றில் ஷெட்டுக்குள் இருந்து ஆபரேட்டர் வெளியே வந்தார். தன் ஷெட்டைச் சுற்றி ஒரு ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு ஓடுவதையும், அதன் சன்னலில் தன் மேலதிகாரி தொங்குவதையும் பார்த்தார். சல்யூட் அடித்தார். சரியாக மீட்டருக்கு முன்னால் நின்று அடித்தார்.

"நகருய்யா!" என்றார் பொறியாளர். அது வீணான சுற்று. நாலாவது சுற்றில், "ஒம்பது, ஒண்ணு!" கிடைத்தது. ஆபரேட்டர் சல்யூட்டை இறக்கவில்லை. அவர்கள் புள்ளியாகும்வரை அப்படியே நின்றார்.

முள் முக்காலுக்கு வந்திருந்தது. ஊர் வந்தது. அவன் அதுவரை பார்த்திராத ஒரு ஊர். தெருக்களில் ஆட்கள் முழு முகத்தோடு வழிவிட்டு ஒதுங்கினார்கள். அலுவலக வாசல் தெரிந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பத்து நாலு. கேட் சாத்தியிருந்தது. காவலாளி உள்ளே நோட்டோடு நின்றார்.

"நம்பர் எழுதாம உள்ள விட முடியாது! நிறுத்துங்க!"

"நிறுத்த முடியாது!" என்று அவனும் அத்தானும் பொறியாளரும் ஒரே குரலில் கத்தினார்கள். வாசலுக்கு எதிரே இருந்த மேல்நிலைத் தொட்டியைச் சுற்ற ஆரம்பித்தான். ஹாரன் பிடித்துக்கொண்டது. முதல் சுற்றில் காவலாளி கண்ணாடியைத் தேடினார். இரண்டாவது சுற்றில் பொறியாளர், "நான்தான்யா! கேட்டைத் தொற!" என்றார். "மேடம், உங்களுக்கும் சேத்துத்தான் ரூல்" என்றார் காவலாளி. மூன்றாவது சுற்றில் அத்தான் பாதி உடம்பை வெளியே விட்டு வண்டி நம்பரை ஓதினார். நாலாவது சுற்றில் காவலாளி அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். பிறகு நிதானமாக, முதல் தாழ்ப்பாளையும் இரண்டாவது தாழ்ப்பாளையும் எடுத்துக் கேட்டைத் திறந்தார்.

பன்னிரண்டு ஐம்பத்து எட்டுக்கு வண்டி உள்ளே வந்து, நின்று, ஒரு பெரிய விம்மலோடு முழுவதும் ஆவியாக மறைந்தது. ஆவிக்குள்ளிருந்து, "படிவம்" என்று பொறியாளரின் கை நீண்டது.

அவன் ஆவிக்கு வெளியே நின்று காத்திருந்தான். உள்ளே பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. அவ்வளவு நேரம் எழுத அதில் என்ன இருக்கிறது?

"பொய் சொன்னீங்க" என்றார் பொறியாளர், ஆவி விலகியதும். "பழைய ஓனர்னு."

"அக்கா வீட்டுக்காரர் மேடம்."

"அது காரணம் இல்ல." கையெழுத்துப் போட்டார். "ஏன் சூடாகுதுன்னு நான் கண்டுபிடிச்சேன். அது என் படிப்பு. எப்ப சூடாகலன்னு நீங்க கண்டுபிடிச்சீங்க. ஷெட்ல எல்லாம் கிழட்டு பம்பு. அதுங்ககிட்டயும் போயி அதையே கேளுங்க. சனிக்கிழமை காலைல ஆறு மணிக்கு."

படிவத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, தலைத்துணியை உதறிக்கொண்டு படியேறினார். அவன் படித்தான். ஆறு மீட்டரும் இருந்தன. கடைசி ஆறு இலக்கம் அத்தானின் கோணல் எழுத்தில். நேரம்: 12.58. தேர்வு: தகுதி. கீழே, வாகனத்தின் நிலை என்ற கட்டத்தில், இரண்டே வாக்கியம்.

அத்தான் அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"என்ன போட்டிருக்காங்க மாப்ளே? என் பேரு இருக்கா?"

அவன் வாசித்துக் காட்டினான். "வண்டி ஓடும். நிறுத்த வேண்டாம்."

அத்தான் சட்டைக் கையை மடித்துவிட்டு, வண்டியின் பின்பக்கம் போய்த் தோளைக் கொடுத்தார்.

"ஸ்டீயரிங்கைப் பிடி மாப்ளே. கடைவரைக்கும் தள்ளிட்டுப் போயிருவோம், அந்த மோட்டாரைக் கட்டணும்." ஓர் அடி தள்ளியிருப்பார், நின்றார். "ஏன் மாப்ளே, ரெண்டு ஃபேனா போட்டுட்டா என்ன? ஒண்ணு இழுக்க, ஒண்ணு தள்ள?"

"தள்ளுங்க அத்தான்" என்றான் அவன்.